முழங்காலுக்காக வாங்கிய வண்டி

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஃபோர் பை ஃபோர் வண்டி என் மனைவியின் முழங்காலுக்காக வாங்கப்பட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இப்போது அதைப் பார்க்கிற யாருக்கும் அப்படித் தோன்றாது. எங்கள் செவிலிமேட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், நாங்கள் கல்குவாரி ஏதும் எடுத்திருக்கிறோமா என்று என்னிடமே விசாரித்தார்.

மனைவிக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை நடந்திருந்தது. எங்கள் பழைய சின்னக் காரில் உட்காருவது அவளுக்குப் பள்ளத்தில் இறங்குவது போல. எழுவது அதைவிட மோசம். "அம்மாவுக்காக உயரமான வண்டி வாங்கறேன்" என்று மகன் சொன்னபோது நானும் நெகிழ்ந்தேன். கடையில் விற்பனையாளர் குதிரைத்திறன் பற்றியும், எவ்வளவு ஆழத் தண்ணீரில் வண்டி போகும் என்றும் விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி அதைக் காதில் வாங்காமல் முன்கதவைத் திறந்து, இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்றாள். இருக்கையின் விளிம்பு அவள் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்து தொட்டது. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள், கால்களை உள்ளே திருப்பினாள், மறுபடி இறங்கினாள்.

"இது போதும்" என்றாள்.

வண்டிகளைப் பரிசோதிக்கும் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கி, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன் நான். ஒரு வண்டியை இவ்வளவு முறையாகப் பரிசோதித்தவர் எவரையும் அங்கே பார்த்ததில்லை.

பிள்ளையார் கோயில் வாசலில் பூஜை போட்டோம். நான்கு சக்கரத்துக்குக் கீழே நான்கு எலுமிச்சை, நான்கும் நசுங்கின. கோப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

மகனுக்கு ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை. போகவர ஆறு வழிச் சாலை, வழவழவென்று. அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் சேர்ந்தான். சாலை போட்டுத் தராத அரசாங்கத்தை வாரம் முழுக்கத் திட்டிவிட்டு, ஞாயிறன்று சாலை இல்லாத இடத்தைத் தேடிப்போவது அந்தக் குழுவின் வேலை. வற்றிக் கிடந்த தாமல் ஏரி அவர்களுக்கு வாகாக அமைந்தது. அங்கிருந்து மகன் சேற்றோடு ஒரு சொல்லையும் கொண்டுவந்தான்: 'ஸ்டாக் டயர்'. கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் என்று பொருள். அதை அவன் சொல்லும் தொனி, சிலர் ரேஷன் அரிசி என்று சொல்லும் தொனி.

"அப்பா, டயர் மாத்தப் போறேன்."

"தேஞ்சிடுச்சா?"

"இல்லப்பா. சின்னதா இருக்குது."

"கம்பெனிக்காரன் அளக்கத் தெரியாம போட்டுட்டானா?"

அவன் சிரிக்கவில்லை. நான் நடைமுறையைச் சொன்னேன். பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. மாற்றத்தான் வேண்டுமென்றால் முன் அனுமதி, பிறகு பதிவில் திருத்தம். டயர் பெரிதானால் வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். விபத்து என்று ஒன்று நடந்தால் காப்பீட்டுக்காரர் குனிந்து பார்க்கும் முதல் இடம் டயர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாரும் பாக்க மாட்டாங்கப்பா" என்றான். பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவனிடம் சொல்கிற வார்த்தையா இது?

அவன் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உயரம் ஏறுமாடா?"

"கொஞ்சம்தான்மா. நாலு விரக்கடை."

பொன்னேரிக்கரையில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு டயர் கடை. நானும் கூடப் போனேன். சட்டமீறல் என்றாலும் ஒழுங்காக நடக்க வேண்டும் அல்லவா. புது ரிம்மோடு வந்த டயர்கள் டிராக்டரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவை போல இருந்தன. ரப்பர் கட்டைகள் பல்வரிசையாகத் துருத்திக்கொண்டு, இடையில் விரல் புகும் பள்ளங்களோடு. மாட்டி ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்ததும் டயர் உள்பக்கம் உரசியது.

"உள்ள இருக்கிறது சும்மா பிளாஸ்டிக்குதான் சார், வெட்டிடலாம்" என்றார் கடைக்காரர். வெட்டினார். அப்போதும் உரசியது. "ஸ்பிரிங்குக்கு ஒரு கட்டை குடுத்துத் தூக்கிட்டா சரியாப் பூடும்." தூக்கினார். ஒரு தவறைச் சரிசெய்ய அடுத்த தவறு, அதைச் சரிசெய்ய இன்னொன்று. அலுவலகத்தில் இதற்குத் தொடர்நடவடிக்கை என்று பெயர்.

ஸ்டெப்னியோடு சேர்த்துக் கழற்றிய பழைய சக்கரங்கள் ஐந்து. மகன் அவற்றைக் கடையிலேயே தள்ளிவிடப் பார்த்தான். நான் விடவில்லை. பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டி பழைய நிலையில் இருக்க வேண்டும் என்றேன்.

"பதினஞ்சு வருஷமா? அதுக்குள்ள ரப்பரு பாறையாயிடும் சார்."

"ஆகட்டும். இருக்க வேண்டியது இருக்கணும்."

கடைக்காரரும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் பணியில் இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து சக்கரங்களும் எங்கள் போர்ட்டிகோவில் குடியேறின. மனைவி இரண்டு நாள் முகம் சுளித்தாள். பிறகு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு பழைய தலையணையைப் போட்டு, அதில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள். வீட்டு நாற்காலியைவிட அது அவள் காலுக்கு இதமாக இருந்ததாம்.

வண்டி தார்ச் சாலையில் வரும்போது ஒரு ரீங்காரம் எழும். தெருமுனை ஆட்டோக்காரர், மனைவியைக் கால் பயிற்சிக்கு அழைத்துப்போகிறவர், அதைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "ன்னா சார், கைத்தறி ஊருக்குள்ள உங்க புள்ள விசைத்தறி ஓட்டிக்கினு வராரு?"

புது டயருக்கு மறுபடியும் பூஜை போட வேண்டும் என்றாள் மனைவி. நான் ஆட்சேபித்தேன். பூஜை வண்டிக்கு உரியது. வண்டி என்பது சேசிஸ் எண். டயர் வெறும் தேய்பொருள்.

"எலுமிச்சம்பழத்தை நசுக்கினது சேசிஸா, டயரா?" என்று கேட்டாள். "அன்னிக்குப் போட்ட பூஜை கழட்டி வெச்ச டயரோட போயிடுச்சு."

மனுவை ஏற்றேன்.

கோடைக்காலம். எலுமிச்சை விற்ற விலைக்குக் கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய பழம்தான் வாங்க முடிந்தது. குருக்கள் கற்பூரம் காட்டினார். வண்டி நகர்ந்தது. மூன்று பழங்கள் நசுங்கின. நான்காவது, இடதுபக்கப் பின்சக்கரத்தில் இரண்டு ரப்பர் கட்டைகளுக்கு நடுவே போய்ப் பதுங்கிக்கொண்டது. மகன் வண்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் எடுத்தான். பழம் டயரோடு மேலே போய், பிரகாரம் சுற்றிய பக்தனைப் போல மறுபடி கீழே வந்தது. பாதி முகம் மட்டும் கொஞ்சம் சப்பையாகியிருந்தது.

குருக்கள் குனிந்து பார்த்தார். "நசுங்கின மாதிரியும் இருக்குது. நசுங்காத மாதிரியும் இருக்குது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எந்த விதியிலும் இதற்கு இடமில்லை. மகன் சாவியால் பழத்தைத் தோண்டி எடுத்து எறிந்தான். "பாதி திருஷ்டி அப்பிடியே இருக்குது" என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவள் கதவைத் திறந்து, பழையபடி முதுகைக் காட்டி நின்றாள். இருக்கையின் விளிம்பு இப்போது இடுப்புக்கு மேலே குத்தியது. திரும்பி நின்று காலைத் தூக்கி வைக்கப் பார்த்தாள். முழங்கால் ஓர் அளவுக்கு மேல் மடங்க மறுத்தது. நாலு விரற்கடை என்பது மகனுக்கு அழகு. மாற்று மூட்டுக்கு மலை. கோயில் வாசலில் பூக்காரர், குருக்கள், ஆட்டோக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் தூக்கி உக்கார வெக்கறேன்மா" என்றான் மகன்.

"நான் இன்னா உற்சவரா, ஆள் வெச்சித் தூக்கிக்கினு போறதுக்கு?"

வீடுவரை நடந்தே வந்தாள். பின்னாலேயே அந்த வண்டி நடைவேகத்தில் உறுமிக்கொண்டு வந்தது.

பக்கவாட்டில் ஒரு படி பொருத்திவிடு என்று மகனிடம் சொன்னேன். கல்லில் இடிக்கும் என்றான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். கடைசியில் உண்மையைச் சொன்னான்: "ஆஃப்ரோடு வண்டிக்கு எவனும் படி வெக்க மாட்டான்பா. பசங்க சிரிப்பாங்க."

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு அவன் தாமல் ஏரிக்குப் போய்வந்தான். மனைவியின் அக்கா வீடும் தாமலில்தான் இருக்கிறது. அறுவைக்குப் பிறகு மனைவி அங்கே போகவே இல்லை. ஒருநாள் சேறு படிந்த சக்கரங்களைப் பார்த்தபடி, "என் காலுக்கு வாங்கின வண்டி தாமலுக்குப் போயிட்டு வருது. கால்தான் போகல" என்றாள். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. மகன் தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் வேகமாகத் திறந்து வண்டியைக் கழுவினான்.

பிறகு அக்கா புது வீடு கட்டி முடித்து, கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தாள். ஆட்டோவில் போகலாம் என்றேன்.

"அந்த வண்டியிலதான் போவேன். யாரும் தூக்காம, என் காலாலதான் ஏறுவேன். இல்லாட்டி போக வேணாம்."

அக்காவா, வைராக்கியமா என்ற கேள்வியில் என் மனைவி எந்தப் பக்கம் நிற்பாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அன்று காலை ஆட்டோக்காரரை முன்னெச்சரிக்கையாக வாசலில் நிறுத்திவைத்தேன். முறைப்படி ஒரு மாற்று ஏற்பாடு.

அவள் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு வந்தாள். ஆட்டோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தான் கீரை ஆயும் ஆசனத்தருகே போய், தலையணையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"டேய், இதுல ஒண்ணை எடுத்தாந்து கதவுகிட்டப் படுக்கப் போடு."

மகன் சக்கரத்தை உருட்டிவந்து கிடத்தினான். "இன்னும் உள்ள தள்ளு. ஆடுதா பாரு." நான் காலால் மிதித்துப் பார்த்தேன், ஆடவில்லை. அவள் இடது காலைச் சக்கரத்தின்மேல் வைத்து ஏறினாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்லத் திரும்பி நின்றாள். இருக்கையின் விளிம்பு இப்போது இடுப்புக்குக் கீழே இருந்தது. பின்னால் சாய்ந்தாள். உட்கார்ந்தாள். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏறிட்டியேமா!" என்று ஆட்டோக்காரர் கைதட்டினார். "சார், என் வண்டிக்கு வெயிட்டிங் போட்டுக்கிறேன்."

"போலாமாம்மா?" என்று மகன் கிளப்பப் போனான்.

"அங்க எப்படிடா எறங்குவேன்? சக்கரத்தைத் தூக்கி உள்ள போடு."

பின்னால் இடமில்லை. சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கும் கயிறு, மண்வெட்டி, ஆளுயர ஜாக்கி என்று ஏரியை வெல்லும் சாமான்கள் நிறைந்திருந்தன. அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் போர்ட்டிகோவில் வைத்தான். சக்கரம் ஏறியது.

"முழுசாப் பூஜை ஆன டயரு. அது கூட வந்தா மீதி திருஷ்டியும் போயிடும்" என்றாள்.

தாமலில் அக்காவின் தெருவே வாசலுக்கு வந்து நின்றது. மகன் பின்கதவைத் திறந்து சக்கரத்தை இறக்கினான். நான் உருட்டிக் கொண்டுபோய் முன்கதவுக்குக் கீழே கிடத்தினேன். எங்கள் ஊரில் சாமியைத் தோளில் சுமப்பவர்களை ஸ்ரீபாதம்தாங்கிகள் என்பார்கள். முன்தண்டுக்கு ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், பின்தண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வீரர். அவள் சக்கரத்தின்மேல் காலை வைத்து, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள். அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டு, "என்னாடி, புறப்பாடு மாதிரி வந்து எறங்கறே!" என்றாள்.

இப்போதெல்லாம் ஏரி ஞாயிறுகளில் மனைவியும் கிளம்பிவிடுகிறாள். சக்கரம் ஏறுவதால் கயிறும் ஜாக்கியும் வீட்டில் தங்கிவிடுகின்றன. அவை இல்லாமல் ஏரிக்குள் இறங்க மகனுக்குத் தைரியம் வருவதில்லை. பெரியம்மா வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கரையில் நின்று நண்பர்கள் மாட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு வருகிறான்.

படியாகப் பயன்படுத்த ஒரு சக்கரத்தை வண்டிக்குள் எடுத்துச்செல்வது மாற்றம் செய்ததாகுமா என்று விதிகளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஆகாது.

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க? இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க" என்கிறாள் மேலிருந்து. தள்ளுகிறேன்.