சித்தி கேட்ட எட்டு இலக்கம்

வானத்துக்கு எல்லைக்கல் நட ஆள் தேவைப்பட்டால் என் சித்தியைத்தான் கூப்பிட வேண்டும். சாப்பாட்டு வேளைக்குள் முடித்துவிட்டு, நட்சத்திரங்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டும் வருவாள்.

இப்போதைக்கு அவள் பார்ப்பது ஒரு மருத்துவமனையின் சர்வர்களை. ஒரே இயந்திரத்துக்குள் பன்னிரண்டு சர்வர்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. எதற்காவது டிஸ்க் நிறைந்தால் சித்தி இடம் கூட்டித் தருவாள். கூட்டினால் மட்டும் போதாது. உள்ளே பார்ட்டிஷன் என்று பிரித்திருக்கும் பாகத்தின் பழைய எல்லையை அழித்து, அது தொடங்கிய எண்ணிலேயே தொடங்கி நீளமாகப் போட வேண்டும். தொடக்கத்தில் ஓர் இலக்கம் பிசகினாலும் உள்ளே இருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பிசகியதன் மேல் எழுதிவிட்டால் திரும்பவும் வராது.

அதனால் அந்த எண்ணை இன்னொருவர் எழுதிவைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது சித்தியின் சட்டம்.

அன்று காலை ஸ்கேன் படங்கள் சேரும் சர்வர் நிரம்பி நின்றுவிட்டது. கூட வேலை செய்பவருக்குக் காய்ச்சல். கைவசம் இருந்த நகல் ஒரு வாரம் பழையது. புதிதாக எடுக்க இடமில்லை. சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரின் தலை ஸ்கேன் அந்த ஒரு வாரத்துக்குள் எடுத்தது; நகலில் இல்லை. மதியம் அவருக்கு அறுவை சிகிச்சை.

பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கவிழ்ந்து வீட்டில் கிடந்த எனக்கு போன் வந்தது. முன்பொரு முறை விளையாட்டாக இலக்கத்தை மாற்றிச் சொல்லி, இரண்டு வாரம் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரிந்தவள் நான்.

"என்னையா நம்புற சித்தி?"

"நம்பலடி. அதான் கூப்பிட்டேன். நல்ல பிள்ளைங்க சொன்னா பாதி கேட்டுத் தலையாட்டிடுவேன். நீ சொன்னா ஒவ்வொண்ணா பார்ப்பேன். எழுது."

திரையைப் பார்த்து வாசித்தாள்: 41945088. தன் காகிதத்திலும் எழுதிக்கொண்டாள். பிறகு எல்லையை அழித்தாள்.

காகிதத்தைப் பார்த்துப் புது எண்ணைத் தட்டியபடி வாசித்தாள். "நாலு, ஒண்ணு, ஒம்பது, அஞ்சு, நாலு..."

"நில்லு சித்தி. ஒம்பதுக்கு அடுத்து நாலு, அப்புறம்தான் அஞ்சு."

"இன்னைக்கு வேணாம்டி."

"விளையாடல."

"என் பேப்பர்ல அஞ்சு நாலுன்னுதான் இருக்கு."

"அப்போ பேப்பர் தப்பு. திரையில மேல போய்ப் பாரு. கெஞ்சிக் கேக்குறேன்."

நான் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. இந்த முறை திரையில் மேலே போய்ப் பார்த்தாள்.

"நாலு அஞ்சுதான்," என்றாள்.

பன்னிரண்டரைக்குக் கொத்தனாரின் படம் திறந்தது.

மாலை வீட்டுக்கு வந்ததும் சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல், "எழுதினதைக் காட்டு," என்றாள்.

"அதுவா? ஏதோ ஒரு பில்லுக்குப் பின்னாடி கிறுக்கினேன். அப்பவே தூக்கிப் போட்டாச்சு."

என் சட்டைக்கையை மேலே சுருட்டினாள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை, ஒன்றின் கீழ் ஒன்றாக அதே எண்.

"பேனா கசிஞ்சிருச்சு சித்தி."

"கசியும் கசியும். ஒவ்வொரு தடவையும் சரியா எட்டு இலக்கமா?"