முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த என் கதை

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மலாக்காவில் ஒரு மண்டபத்தில், இருநூறு பேரோடு உட்கார்ந்து ஒரு புது நாடகம் பார்த்தேன். அது என் கதை என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

எழுதியவள் என் தோழி. ரெம்பியா பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து ஒரே மேசை. அவள் ஆசிரியையானாள், நான் ஒரு வக்கீல் ஆபீசில் கடிதம் தட்டச்சு செய்யும் கிராணி. இருவருக்கும் நாற்பத்து மூன்று வயது. என் விவாகரத்து வழக்குக்கு ஒவ்வொரு முறையும் கூடவே வந்தவள் அவள்தான்.

"ரெண்டு சிநேகிதிங்களப் பத்தி எழுதியிருக்கேன். அதுல ஒருத்தி நான்தான். நீ முன்னால உக்காரணும் லா," என்று தன் காரிலேயே அழைத்துப் போனாள்.

திரை விலகியதும் மேடையில் ஒரு பெண் வீடியோ காலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். மேலே பட்டு ரவிக்கை, உதட்டுச் சாயம். கீழே வீட்டில் கட்டும் பழைய பாத்தேக் கைலி. மண்டபம் சிரித்தது. நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் நான்.

கைபேசியில் அறிமுகமான ஒருவரோடு எட்டு மாதம் பேசினேன். ஜொகூர்காரர். மனைவி இறந்துவிட்டதாகச் சொன்னார். தினமும் சாயங்காலம் கூப்பிடுவார். அந்தக் கைலி விஷயத்தை நான் சொன்னது ஒருத்தியிடம் மட்டும்தான், செர்காம் கடற்கரைக் கடையில் சுட்ட மீன் சாப்பிடும்போது, வெட்கத்தோடு. பிறகு ஒருநாள் அவர் காணாமல் போனார். செய்தி போகவில்லை, அழைப்பும் போகவில்லை. அதற்கு முந்திய நாள்தான் என் உண்மையான வயதைச் சொல்லியிருந்தேன். அதனால்தான் விட்டுப் போனார் என்று ஒரு வருடம் நம்பினேன். கண்ணாடி பார்ப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவிக்கொடுத்தவளும் அவள்தான்.

மேடையில் அந்தப் பெண் குளிக்கப் போனாள். தோழி வேஷத்தில் என் தோழியே வந்தாள்; அந்தப் பெண்ணின் கைபேசியில் எண்ணைப் பார்த்துத் தன் கைபேசியிலிருந்து அந்த ஆளை அழைத்தாள்.

"உங்க பொண்டாட்டி உயிரோடதான் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். இனி அவளுக்குக் கூப்பிட்டீங்க, உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்."

இதைச் சொல்லும்போது அவள் முன்வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர், "நடந்த மாதிரியே எழுதியிருக்காங்க," என்றார்.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். வேஷத்தைக் கலைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நெஜமாவே கூப்டியா?"

"கூப்டேன்."

"பொண்டாட்டி இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"நீ காட்டுன படத்த ஜொகூர்ல இருக்கற எங்க சித்தி மகளுக்கு அனுப்பிக் கேட்டேன். அவ பிள்ளைங்க படிக்கற ஸ்கூல்லதான் அவன் பிள்ளைங்களும். பொண்டாட்டிதான் தினம் கூட்டிட்டு வருதாம்."

"என் வயசாலதான் போயிட்டாருன்னு ஒரு வருசம் அழுதேன். நீ பாத்துக்கிட்டே இருந்தியே."

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வந்தேன். வாய் வரல. எழுதத்தான் வந்துச்சு."

"இத்தன பேரு முன்னாலயா?"

அவள் முகப்பூச்சைத் துடைக்கத் தொடங்கினாள். நான் வாடகைக்கார் பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்தேன்.

மூன்று வாரம் அவள் கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. ஏமாற்றியவர் மேல் வந்த கோபம் இரண்டே நாளில் அடங்கிவிட்டது. இவள் மேல் வந்த கோபம் அடங்கவில்லை. கடைசியில் அவளே வீட்டுக்கு வந்தாள்.

"டிராமாவுலேர்ந்து கைலி சீனைத் தூக்கிட்டேன்," என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

உள்ளே வரச் சொன்னேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். பிறகு நான் கேட்டேன்.

"அந்தாளு பொண்டாட்டிக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்."

"அவுங்களுக்கும் ஒரு டிராமா போடப் போறியா?"

அவளைக் குத்தத்தான் அப்படிக் கேட்டேன். ஆனால் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அவளுக்கு ஒரு வருடமாகத் தெரியும், எனக்கு மூன்று வாரமாக; ஆனாலும் நாங்கள் இருவரும் அந்தப் பெண்ணை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

இப்போது பேசிக்கொள்கிறோம், முன்பு போல இல்லை. நாடகம் சிரம்பானுக்கும் போய் நல்ல பெயர் வாங்கியது. நான் போகவில்லை. ஜொகூரில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பது மட்டும் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.