பக்கத்து வீட்டு நிலைக்கால்

எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டு நிற்கின்றன. லண்டனில் இந்த ஹரோப் பக்கம் இப்படியான வீடுகள்தான் அதிகம். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். நாங்கள் வந்த நாள்முதல் அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு யூதப் பெண்மணி இருக்கிறார். இப்போது வயது எழுபத்தெட்டு, தனியாள். பிள்ளைகள் சின்ன வயதில் அன்ரி என்று கூப்பிட்டுப் பழகியதால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர் அன்ரிதான், தலை நரைத்த எனக்கும்கூட. அவர் பேசுவது ஆங்கிலம். அதை என் வாயில் வருகிற தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் என்னுடையது.

வெள்ளிக்கிழமை பொழுதுபட முன்னர் அவர் ஜன்னலோரம் இரண்டு மெழுகுதிரி கொளுத்துவார். இந்தப் பக்கம் என் மனைவி சுவாமி அறையில் குத்துவிளக்கு ஏற்றுவா. எனக்கு அதில் ஒரு சந்தோஷம். இரண்டு வீட்டுக்கும் வெள்ளிக்கிழமை ஒன்றுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

அவருடைய வாசல் நிலைக்காலில், வலது கைப்பக்கம், தோள் உயரத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கூடு இருக்கும். விரல் நீளம். சாய்வாகப் பொருத்தியிருக்கும். அதற்குள்ளே தோலில் கையால் எழுதிய வேதவாக்கியம் சுருட்டி வைத்திருக்கிறதாம். மெசூசா என்று பெயர். வீட்டுக்குள் போகும்போது அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார். நாங்கள் கோயில் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறோமே, அதுபோல.

போன வருடம் மாசி மாதம் அவர்களுடைய தொழுகைக்கூடத்துச் சுவரில் யாரோ சாயத்தால் அசிங்கமாக எழுதிவிட்டுப் போனார்கள். பிறகு பஸ்ஸில் ஒருவன் அன்ரியைப் பார்த்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று அவர் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. வேறு ஊரில் இருக்கும் மகன் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, வாசலில் இருப்பதைக் கழற்று, இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு என்னிடம் வா என்று நெருக்கினான்.

"நீ என்ன சொல்லுகிறாய்?" என்று வேலிக்கு மேலால் என்னைக் கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "மகன் சொல்லுறது சரிதான் அன்ரி. கழட்டுவம். கொஞ்ச நாளைக்குத்தானே. கடவுள் கோவிக்க மாட்டார்" என்றேன்.

திருப்புளியும் என்னுடையது, கையும் என்னுடையது. அவருக்கு விரல் முட்டுகளில் வாதம். இரண்டு திருகாணிதான், ஆனால் துருப்பிடித்து இறுகியிருந்தன. கழன்றபோது அந்த இடத்தில் மட்டும் பழைய பச்சை நிறம் தெரிந்தது. அன்ரி கூட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "என் வீட்டில் இருந்தால் எடுத்து எடுத்துப் பார்த்து அழுவேன். உன்னிடம் பத்திரமாக இருக்கட்டும்" என்று என்னிடம் தந்தார்.

இனித்தான் நான் செய்த வேலை. பத்திரம் என்றால் எங்கள் வீட்டில் ஒரே இடம்தான். சிவப்புப் பட்டுத் துணி ஒன்றை விரித்து, சுவாமி அறையில் முருகன் படத்துக்கும் அம்மன் படத்துக்கும் நடுவில் வைத்தேன். வேதம் உள்ளே இருக்கிறதே, சும்மா வைக்கலாமா? காலையில் திருநீறு. வெள்ளிக்கிழமை சந்தனமும் குங்குமமும், ஒரு பூவும். சூடம் காட்டும்போது அதற்கும் காட்டினேன். அன்ரியின் பயம் தீரவேண்டும் என்று அதன் முன்னால் நின்று தேவாரமும் பாடினேன். ஒரு குறையும் வைக்கவில்லை என்று எனக்குப் பெருமை.

என் மனைவி மட்டும் ஒரு நாள் விளக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டா.

"ஏன் உதைக் கழட்டினனீங்கள்?"

"அவவின்ர நன்மைக்குத்தானப்பா."

"எண்பத்திமூண்டில என்ர பொட்டையும் நன்மைக்குத்தான் அழிக்கச் சொன்னனீங்கள்."

கொழும்பில், ஆடி மாதம், தமிழர் வீடுகளை எரித்த கலவரம். கலியாணம் முடித்து நாலு மாதம். ஒழுங்கை முகப்பில் புகை எழும்பியபோது நான்தான் சொன்னேன், பொட்டை அழி, தாலியைச் சட்டைக்குள் விடு என்று. அதனால்தான் நாங்கள் ஏறித் தப்பிய லொறியை மறித்தவர்கள் எங்களை விட்டார்கள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"உயிர் தப்பினது, இல்லையெண்டு சொல்லேல்லை" என்றா. "ஆனா அண்டைக்குக் கண்ணாடியில பாக்கேக்க அது ஆரின்ரையோ நெத்தி மாதிரிக் கிடந்தது. பிறகு கன நாளா எனக்குக் கண்ணாடி பாக்கவே விருப்பமில்லை. உங்களுக்கு அது தெரியுமே?"

தெரியாது. நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவ சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

அந்தக் கிழமை கோயில் சமையற்கட்டில் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது அன்ரியின் கதையைச் சொன்னேன். பக்கத்தில் வெட்டிய அண்ணை, நல்ல மனுசன், பிள்ளைகளுக்குத் திருமுறை சொல்லிக் கொடுப்பவர், கத்தியை நிறுத்தாமலே, "ஒரு இடத்தில அடிச்சா அடிச்சவனில பிழை. போன போன இடமெல்லாம் அடிச்சா? சும்மாவே அடிப்பாங்கள்?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். துண்டுகளைச் சின்னதாக வெட்டிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, "எங்களைப் பற்றியும் உதைத்தானே சொன்னவங்கள். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டா. நான் குனிந்து காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வெட்கத்தில்தான் நூலகத்துக்குப் போனேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆங்கிலப் புத்தகம் படிப்பது எனக்கு அரிசியில் கல் பொறுக்குவதுபோல. இருந்தாலும் ஒரு மாதமாக வாசித்தேன். இந்த இங்கிலாந்திலேயே, எழுநூறு வருடத்துக்கும் முன்னால், யூதர்கள் சட்டையில் அடையாளத் துணி தைத்துக்கொண்டு நடக்கவேண்டும் என்று சட்டம் இருந்ததாம். பிறகு ஒரு ராஜா எல்லாரையும் ஒரேயடியாக நாட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறான். நான் வரிசையில் நின்று குடியுரிமை வாங்கிய நாடு! ஒரு பிள்ளை செத்துக் கிடந்தால் இரத்தத்துக்காக இவர்கள்தான் கொன்றார்கள் என்பார்களாம். கொள்ளைநோய் வந்தால் கிணற்றில் நஞ்சு போட்டார்கள் என்பார்களாம். ஸ்பெயினில் மதம் மாறினவர்களையும் நம்பாமல், சனிக்கிழமை யூதர்கள் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால் அன்றைக்கு இவர்கள் வீட்டில் அடுப்புப் புகைகிறதா என்று வேவு பார்த்திருக்கிறார்கள். வெனிஸில் அவர்கள் குடியிருப்புக்கு இரவில் பூட்டு. ரஷ்யாவில் கூட்டமாக வந்து வீடுகளை உடைத்திருக்கிறார்கள். கடைசியாக ஜெர்மன்காரன். அவனுடைய ஆட்கள் பெயர்ப் பட்டியலோடு வீடு வீடாகப் போன இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். கொழும்பில் எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர்களின் கையிலும் பட்டியல் இருந்தது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுடையது எத்தனையோ நூறு வருடம், எத்தனையோ நாடு. ஆண்டவனே, இதையெல்லாம் பார்த்துக்கொண்டா இருந்தாய் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு இன்னும் எனக்கு விடை கிடைக்கவில்லை. கேட்டதற்காக நான் விளக்கு வைக்காமல் விடவுமில்லை.

வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அன்ரி எங்கள் கதவைத் தட்டினார்.

"நான் எங்கேயும் போகவில்லை. மகனிடம் சொல்லிவிட்டேன். என் கூட்டைத் தா."

அதை எங்கே வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுக்கப் போன என் பின்னாலேயே அவர் வந்து சுவாமி அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. படங்களுக்கு நடுவில் சந்தனப் பொட்டோடும் காலையில் வைத்த செவ்வரத்தம் பூவோடும் அது இருந்தது.

"நீ இதைக் கும்பிட்டாயா?"

"ஓம் அன்ரி. எங்கட வீட்டில இதைவிட மதிப்பான இடம் இல்லை."

"இதற்குள் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? கடவுள் ஒருவரே என்று எழுதியிருக்கிறது. அதை இத்தனை பேருக்கு நடுவில் உட்கார்த்தி வைத்திருக்கிறாய்!"

கோபமா சிரிப்பா என்று அவர் முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை. என் மனைவி கதிரை கொண்டுவந்து அவரை இருத்தினா. கூட்டைக் கையில் எடுத்தவர், பட்டுத்துணியில் சந்தனம் ஊறிக் காய்ந்திருந்ததைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தக் கூடு வியன்னாவில் அவருடைய தாத்தாவின் வாசலில் இருந்தது. ஹிட்லரின் ஆட்கள் வந்தபோது தாத்தாதான் தன் கையால் கழற்றி, வீட்டுவேலைக்கு என்று லண்டனுக்குப் புறப்பட்ட மகளிடம், அதாவது அன்ரியின் அம்மாவிடம், கொடுத்தார். கொடுக்கும்போது, "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றாராம். அந்த வீட்டில் மிஞ்சியிருந்த யாரும் பிறகு உயிரோடு இல்லை.

"உள்ளே இருப்பது அவர் வாங்கிய ஏடு. ஒரு எழுத்துக் கலைந்தாலும் அது செல்லாது" என்றார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஈரச் சந்தனம் குழைத்துப் பூசியவன் நான்.

ஏட்டைச் சோதித்துப் பார்க்கும் ஒரு வேத எழுத்தரிடம் அதைக் கொடுத்தார். இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையும் சந்தனக் கட்டையை நான் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கதிரை நகர்ந்தால்கூட எனக்குத் திக்கென்றது.

பதினைந்தாம் நாள் அன்ரி வாசலில் நின்று கூப்பிட்டார். மூன்று எழுத்து உதிர்ந்திருந்ததாம்.

"என்ர சந்தனமோ அன்ரி?"

"பழைய மை. வயது போனால் உதிரும், என்னைப்போல."

அவர் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். உண்மையா, என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தாத்தாவின் ஏட்டை மனிதரைப் புதைப்பதுபோல மண்ணில் புதைப்பார்களாம். பழைய கூட்டுக்குள் புது ஏடு போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"பிடி. திருகுவது நான்தான்."

நான் கூட்டை நிலைக்காலில் நேராகப் பிடித்தேன். அவர் அதைச் சாய்த்தார். முன்னொரு காலத்தில் பெரியவர் ஒருவர் நிமிர்த்தி வை என்றாராம், இன்னொருவர் கிடத்தி வை என்றாராம். இரண்டு பேரையும் நோகடிக்காமல் சாய்த்துவிட்டார்களாம். "தங்களுக்குள் சண்டை பிடிக்கும் உன் கோயில் ஆட்களிடம் போய்ச் சொல்" என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். பூசணிக்காய்க் கதையை அவருக்கு நான் சொன்னதே இல்லை.

திருகாணி இறுக நேரம் எடுத்தது. வாதம் பிடித்த விரல்கள் இரண்டு தரம் வழுக்கின. வாயில் ஏதோ மந்திரம் சொல்லிக்கொண்டே திருகினார். தெருவால் போன இளம் ஆள் ஒருவன் நின்று பார்த்துவிட்டுப் போனான். நாங்கள் இரண்டு பேரும் அவன் தெரு முடக்கால் திரும்பும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

முடிந்ததும் விரலால் தொட்டு முத்தமிட்டார். நான் திருப்புளிக்குக் கையை நீட்டினேன். அவர் அதைத் தன் கோட்டுப் பொக்கெற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

"இது இனி என்னிடம் இருக்கட்டும்" என்றார்.