பெப்புவில் நூற்று முப்பது ரூபாய்க்கு ஒரு குளிப்பு

என்னைப் போல ஒரு மடையன் கல்முனையிலிருந்து கடல் கடந்திருக்க மாட்டான். ஜப்பானுக்குப் பெட்டி அடுக்கும்போது கம்பளிச் சட்டையை மறந்துவிட்டு, கிணற்றடியில் இடுப்பில் கட்டிக் குளிக்கும் சாரனை மட்டும் ஞாபகமாக மடித்து வைத்தேன்.

அது 1981 ஒக்டோபர். உழவு இயந்திரப் பயிற்சிக்கு என்னோடு வந்திருந்தவன் காரைதீவுச் சிவலிங்கம். விடுமுறை நாளொன்றில் இருவரும் காலை ஏழரைக்கு ரயிலேறி, மூன்று மணி நேரத்தில் பெப்பு நகரில் இறங்கினோம். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர். தெருவோரத் தண்ணீர்க் கான்களிலிருந்தெல்லாம் கந்தூரிச் சோற்றுக் கிடாரத்தைத் திறந்தாற்போல ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

குளிப்பு வீட்டு வாசலில் விலைப் பலகை: பொதுத் தொட்டி இருநூறு யென், கைத்துண்டு நூற்றைம்பது. கைத்துண்டுக் காசு மிச்சமென்று சந்தோஷத்தோடு சாரனை எடுத்தேன். காசு வாங்கும் அம்மா அதைக் கண்டதும் இரண்டு கையையும் ஆட்டினார்.

"உடுப்பெல்லாம் கழட்டிப்போட்டுத்தான் இறங்கணுமாம் மச்சான்," என்றான் சிவலிங்கம்.

"சாரனுமா?"

"சாரனுந்தான்."

"ஆக்கள் இரிப்பாங்களேடா!"

"அவங்களும் அப்படித்தான் இரிப்பாங்க. உன்ட தொந்தியப் பாக்கவா சனம் காசு கட்டி வருது?"

கைத்துண்டு இருக்கிறதே என்று பார்த்தால், மூக்குத் துடைக்கிற லேஞ்சியை விடக் கொஞ்சம் பெரிது. அதையும் தலையில்தான் வைப்பார்களாம். தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைப்பது கடமை என்று வளர்ந்தவன், தலையை மட்டும் மறைத்துக்கொண்டு நாலு பேர் நடுவில் எப்படி இறங்குவது?

தனி அறையும் இருந்தது. தாழ்ப்பாள் உண்டு, ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்தைந்நூறு யென். நம் காசில் நூற்று முப்பது ரூபாய், இரண்டு புசல் நெல்லை விற்றாலும் தேறாது. மனைவிக்குக் கைக்கடிகாரம் வாங்க ஒதுக்கிய பணத்தில் கை வைத்தேன். மானமா கடிகாரமா என்றால் மானம்தான். கடிகாரத்தைக் கொஞ்சம் மலிவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சிவலிங்கம் இருநூறு யென்னைக் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனான். நான் தாழ்ப்பாளை இருமுறை இழுத்துப் பார்த்து, சாரனை ஜன்னலுக்குத் திரையாகக் கட்டினேன். தொட்டிக்குள் காலை வைத்த வேகத்தில் வெளியே பாய்ந்தேன். முட்டை அவிக்கிற சூடு! குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்ததிலேயே கால் மணி நேரம் கழிந்தது. பிறகு கழுத்தளவு அமிழ்ந்தேன். அல்ஹம்துலில்லாஹ், உழவு இயந்திரம் உலுப்பிய எலும்பெல்லாம் ஒவ்வொன்றாக அதனதன் இடத்துக்குத் திரும்பியது. மதிலுக்கு அப்பால் பொதுத் தொட்டிப் பக்கம் வாளிச் சத்தமும் தண்ணீர் அடிக்கிற சத்தமும் ஓயவில்லை. பாதி ஜப்பானே அங்கே நிற்கிறது போல என்று நினைத்து, கொடுத்த காசு வீண்போகவில்லை என்று மனம் குளிர்ந்தேன்.

ஊர்க் கிணற்றில் வாளியால் அள்ளிக் குளிக்கக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் கிடக்கவும் முடியாது.

வெளியே வந்தபோது சிவலிங்கம் தலை ஈரத்தோடு பால் போத்தலை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கவே எனக்கு இரக்கமாக இருந்தது.

"பாவமடா, எத்தின பேருக்கு முன்னால நிண்டாய்?"

"ஒருத்தனும் வரல்ல."