பத்தாவது பிறந்தநாளின் நீல சைக்கிள்

போன வாரம் ஃபேரர் பார்க்கில் ரயில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெண், நம்மூர் முகம், கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை. கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தால், "மை ஃபாதர் கேவ் மீ எ ப்ளூ பைசிக்கிள்" என்கிறாள். "ஆன் மை டென்த் பர்த்டே" என்று மீதியை மனசுக்குள் நானே முடித்தேன். அந்த அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் எனக்கும் அவர்தான் அப்பா.

என்னைப் பெற்றவர் சைக்கிளே வாங்கித் தரவில்லை. பெண்பிள்ளை விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் எவன் கட்டுவான் என்ற பயம் அவருக்கு. இன்றுவரை எனக்கு ஓட்டத் தெரியாது, சிரிக்காதீர்கள்.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் நான் போன ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடந்தது. ஜெராக்ஸ் எடுத்த தாளின் சூடும், கீழே தாளிக்கிற மீன்தலைக் கறியின் வாசனையும் ஒன்றாக ஏறி வரும். இப்போதும் மீன் கறி வாசனை வந்தால் எனக்குப் பசிக்காது. மறக்க முடியாத பரிசு எது என்ற தேர்வுக் கேள்விக்கு எங்கள் சார் எல்லோருக்கும் இந்த ஒரே பதிலைத்தான் கொடுத்தார். "மாத்தாதீங்க, அப்படியே ஒப்பிங்க, பாஸாயிடும்" என்பார். ஒப்பித்தே பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்தவர்கள் நாங்கள். எங்களுக்கா கஷ்டம்?

நான் கேலாங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர். ஊரில் நர்ஸ் படிப்பு முடித்தவள்தான், இங்கே கிடைத்தது அந்த வேலை. என் வேலை அனுமதிப் பாஸில் பிள்ளையை இங்கே கூட்டிவர முடியாது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பத்து வயது யாழினி துறையூரில் என் அக்கா வீட்டில் இருந்தாள். என்னோடு ஒரே அறையில் இருந்த ஸ்டெல்லாதான் வழி சொன்னாள். "எக்ஸாம்ல ஏழு வாங்கிட்டா இங்கிலாந்துடி. அங்க நர்ஸாவே சேரலாம், புள்ளையும் கூட வரலாம்." அதற்கப்புறம் எனக்குத் தூக்கத்திலும் நீல சைக்கிள்தான்.

பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன ஒரு சீனத் தாத்தாவுக்கு உடம்பு துடைத்துவிடும்போதெல்லாம் ஒப்பித்துப் பார்ப்பேன். கண்ணைச் சிமிட்டுவார். என் ஆங்கிலத்தில் தப்பே கண்டுபிடிக்காத ஒரே மனிதர் அவர்.

தேர்வில் கேள்வி அதேதான் வந்தது. மடை திறந்த மாதிரி கொட்டினேன். பாதியில் கேள்வி கேட்ட அம்மா நிறுத்தி, அந்த சைக்கிளில் முதன்முதலாக எங்கே போனாய் என்று கேட்டார். தாளில் அது இல்லை. என்ன செய்தேன் தெரியுமா? விட்ட இடம் மறந்துபோனதால் மறுபடி முதலிலிருந்து, "மை ஃபாதர்" என்று தொடங்கினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். வெளியே வந்து பார்த்தால், எனக்கு முன்னால் போன ஸ்டெல்லாவுக்கும் அதே பிறந்தநாள், அதே நீல சைக்கிள். சிரித்துச் சிரித்து, பிறகு இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதோம்.

அடுத்தடுத்து எழுதினேன், அரை மதிப்பெண்ணில் போகும். ஸ்டெல்லா தேறிப் பறந்துவிட்டாள். "எப்பம்மா கூட்டிட்டுப் போவே?" என்று கேட்டுக்கொண்டிருந்த யாழினி ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்தினாள். அவள் கேட்டபோது பட்ட வேதனையைவிட, கேட்காதபோது பட்டதுதான் அதிகம்.

பதினோராம் வகுப்பில் யாழினிக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். அதுவும் நீலம். அக்கா போனைப் பிடித்துக்கொள்ள, தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினாள். யார் கற்றுக்கொடுத்தது என்றேன்.

"யாருமில்லம்மா. நானே விழுந்து விழுந்து கத்துக்கிட்டேன்."

அடுத்த தேர்வில் சைக்கிள் பற்றிக் கேட்டபோது, தாளில் இருந்த அப்பா வாயில் வரவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது, என் மகளுக்குத் தெரியும், அவள் விழுந்தபோது தூக்கிவிட நான் பக்கத்தில் இல்லை என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தத் தடவை ஏழு வந்தது. ஆனால் நர்ஸ் பதிவு, மற்ற தேர்வு, காகிதம் என்று இழுத்து முடிவதற்குள் யாழினிக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. பதினெட்டுக்கு மேல் அவள் பிள்ளைக் கணக்கில் வரமாட்டாள் என்றார்கள். அவள் இல்லாத இங்கிலாந்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இங்கேயே இருந்துவிட்டேன்.

ரயிலில் அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். ஊரில் மூன்று வயதுப் பையனாம். "அந்த சைக்கிளை விட்டுரும்மா. உன் புள்ளையப் பத்திப் பேசு" என்றேன். "சார் மாத்த வேணாம்னு சொல்லிருக்காரு ஆன்ட்டி" என்றாள். குறுக்கே பேசியதில் அவளுக்கு இடம் மறந்துவிட்டது. மறுபடி அப்பாவிலிருந்து தொடங்கினாள்.

டன்லப் ஸ்திரீட் மாடி இப்போது தங்கும் விடுதி. அந்தத் தாத்தாவின் கட்டிலில் வேறு யாரோ. அன்று அறைக்கு வந்ததும் யாழினியைக் கூப்பிட்டு, சைக்கிள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வேலைக்குப் போக ஸ்கூட்டி வாங்கிவிட்டதால், அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம்.

"உனக்கு எதுக்கும்மா அது? நீதான் ஓட்ட மாட்டியே."

பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டியவள் நான் என்று சொல்ல வந்தேன். இடம் தவறி, மறுபடி முதலிலிருந்து, "சாப்பிட்டியாம்மா" என்று தொடங்கினேன்.