அலசாமல் தைத்த சீட்டுக் கவர்

என் பள்ளிக்கூட நண்பர் ஒருவருடைய பிழைப்பில் மண் அள்ளிப் போட்டவன் நான். ஒரே ஒரு பொய்யில் அதைச் செய்து முடித்தேன். அதைச் சொன்னபோது என் மாமனாருக்குப் பயந்திருந்தேன் என்பதைத் தவிர என் பக்கம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வண்டியின் சீட்டுக் கவர்.

தொண்ணூறுகளில் திருப்பூரில் கையில் கொஞ்சம் காசு புரண்டவர்கள் ஆளுக்கொரு பெரிய வண்டி வாங்கினார்கள். இன்றைக்கு எஸ்யூவி என்கிறார்கள். அன்றைக்கு அதற்குப் பெயரே ‘பெரிய வண்டி’தான். முன்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் எதிரெதிர் பலகைகளில் முழங்கால் இடிக்க நான்கு பேர். நான் அப்போது மாமனாருடைய பனியன் கம்பெனியில் துணிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை அவர் கொடுத்தது, நல்லூரில் நாங்கள் குடியிருந்த வீடு அவர் கொடுத்தது, பெண்ணும் அவர் கொடுத்தது. வண்டி மட்டும்தான் நானே வாங்கியது. கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் ஓட்டிச் சலித்தது. அதனால் அதன்மேல் வேறு யார் கையும் படக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். மாட்ட வேண்டியதையெல்லாம் நானே மாட்டினேன்.

நான் எம்.காம். படித்தவன். படித்தவன் எதையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற திமிர் எனக்கு உண்டு. ஆனால் முதலில் வாங்கிய ஃபாக் லைட் பெட்டிக்குள் இருந்த காகிதம் நான் பார்த்தே இராத ஒரு மொழியில் இருந்தது. படங்களைப் பார்த்து மாட்டினேன். விளக்கைப் போட்டால் வைப்பர் ஆடியது. அடுத்து கூரைமேல் கேரியர் பொருத்தினேன். பொருத்தி முடித்த பிறகு நான்கு போல்ட்டுகள் மிஞ்சின. அவை உபரி என்று முடிவு செய்தேன். வேகம் எடுத்ததும் கேரியர் புல்லாங்குழல் மாதிரி ஊதத் தொடங்கியது. ஏறுவதற்கு வசதியாகப் பக்கவாட்டில் படி வைத்தேன். அது வண்டியின் தரைக்குக் கொஞ்சம்தான் கீழே வந்து நின்றது.

என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, வண்டியில ஏறப் படி வெச்சுட்டீங்க. படியில ஏற ஒரு முக்காலி வெச்சுட்டீங்கன்னா சௌகரியமா இருக்குமுங்க” என்றாள்.

என் நண்பர் இன்னும் மோசம். அருள்புரத்தில் சிறிய சாயப்பட்டறை வைத்திருந்தார். ஊரே அவரைப் பாய் என்று கூப்பிட்டது, நானும் அப்படித்தான். ஒருநாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். “மாப்ளே, ரெண்டு குத்துவெளக்கும் ஒரு பந்தலும் மாட்டிட்டீன்னா, கல்யாணத்துக்கே வாடகைக்கு உடலாம்” என்றார்.

அடக்கம் என்பது பாயிடம் கிடையாது. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “போட்டவன் போனாலும் போவான், நான் போட்ட சாயம் போகாது” என்று சத்தமாகச் சொல்வார். கேட்பவர்கள் சிரித்தாலும் அது உண்மை என்று ஒத்துக்கொள்வார்கள். என் மாமனார்கூட அதைக் கேள்விப்பட்டு, கம்பெனியின் சாய வேலை முழுவதையும் பாய்க்கே கொடுத்துவிடலாம் என்ற யோசனையில் இருந்தார். அவர் என்னிடம் சொன்னதை நான் பாயிடம் சொன்னேன். அதை நம்பிப் பாய், துணியைச் சாயத் தண்ணீரில் சுற்றியெடுக்கும் விஞ்ச் இயந்திரம் இன்னொன்று இறக்கிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சினனுக்குத் தாராபுரத்தில் நிச்சயதார்த்தம் வந்தது. பெரியவர்கள் எல்லோரும் என் வண்டியில் வருவது என்று ஏற்பாடு. டாக்டர் உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்த சீட்டில் மாமனாரை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடையில் சீட்டுக் கவர் கிடைக்கும்தான். ஆனால் துணியைக் காசு கொடுத்து வாங்குவது எங்கள் ஊரில் மானக்கேடு. தரை துடைப்பதும் தலையணைக்கு உறை போடுவதும் ஜன்னலுக்குத் திரை தொங்குவதும் எல்லாமே கம்பெனியில் கழித்த பனியன் துணிதான். பின்னும்போது ஊசி விழுந்து வரிவரியாக ஓட்டை போன இன்டர்லாக் பனியன் துணி ரோல் ஒன்று கிடந்தது. அதை எடுத்துப்போய்ப் பாயிடம் கொடுத்து, நல்ல சிவப்பாகப் போடச் சொன்னேன்.

நிச்சயத்துக்கு முதல் நாள் போனேன். ரோல் சிவப்பாகத் தொட்டியோரம் கிடந்தது.

“சாயம் ஏறிருச்சு மாப்ளே. ஆனா இன்னும் சோப்புத்தண்ணி காட்டல. சுடுதண்ணியில ரெண்டு தடவ அலசோணும். நாளான்னைக்கு வா.”

“நாளைக்கு நிச்சயம் பாய். அப்படியே குடு, பாத்துக்கலாம்.”

“என்னத்தப் பாப்பே? ஒட்டாத சாயம் அப்படியே துணிமேல நிக்குது. கை வெச்சா கையி செவக்கும்.”

“உக்காரத்தானே போறாங்க? தொவைக்கவா போறாங்க?”

எனக்கு வேறொரு கணக்கும் இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. ஒன்பது இருக்கைக்கும் அந்த ரோல் மட்டுமட்டாகத்தான் காணும் என்று காகிதத்தில் போட்டு வைத்திருந்தேன். சுடுதண்ணீரில் அலசினால் பனியன் துணி சுருங்கும். சுருங்கினால் ஒரு இருக்கைக்குத் துணி பற்றாது. எட்டு சிவப்பு, ஒன்று கிழிசல் என்றால் பார்க்க நன்றாகவா இருக்கும்? பாய் தலையில் அடித்துக்கொண்டு, “உன்ற வண்டி, உன்ற மாமனாரு” என்று தூக்கிக் கொடுத்தார்.

மொட்டை மாடியில் காயப்போட்டு, ஓவர்லாக் மிஷினில் நானே தைத்து மாட்டினேன். இழுத்தால் நீள்கிற துணி, சீட்டோடு தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. நான் மாட்டியவற்றில் முதல் தடவையாகச் சரியாகப் பொருந்தியது இதுதான். மனைவிகூட ஒன்றும் சொல்லவில்லை.

சித்திரை வெயில். வண்டியில் ஏ.சி. கிடையாது. மாமனார், அவருடைய அண்ணன், பங்காளிகள் என்று எட்டுப் பேரும் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் ஏறினார்கள். குண்டடம் தாண்டுவதற்குள் எல்லோரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். மாமனார் மட்டும் சீட்டைத் தட்டிப் பார்த்து, “தையல் நல்லாருக்குதுங்க மாப்பிள்ளை” என்றார். அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

பெண் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, நானே இறங்கிக் கதவுகளைத் திறந்துவிட்டேன். எட்டுப் பேரும் இறங்கித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாமனார் முன்னால் நடக்க, வரிசையாக உள்ளே போனார்கள். எதிரே நின்று வரவேற்றவர்களுக்கு எட்டும் முழு வெள்ளை. பின்னால் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான். எட்டு வேட்டியிலும் இரண்டிரண்டு சிவப்பு வட்டம், குத்திய முத்திரை மாதிரி. கூப்பிட்டு நிறுத்தலாம் என்றால், மாமனார் அதற்குள் வாசற்படி ஏறிவிட்டார். என் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தேன். அதுவும் சிவந்து வந்தது.

உள்ளே புது வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். எட்டுப் பேரும் அதில் உட்கார்ந்தார்கள், காபி குடித்தார்கள், தட்டு மாற்ற எழுந்தார்கள். பெண்ணின் அத்தை விரிப்பைப் பார்த்தார், அப்புறம் அவர்களைப் பார்த்தார்.

“அய்யோ சாமி! ஏனுங்க, வர்ற வழியில வண்டி எங்காச்சும் அடிபட்டுருச்சுங்களா?”

மாமனாரின் அண்ணனுக்கு ரொம்ப நாளாக மூலம். அவர் கையைப் பின்னால் விட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “எனக்குத்தாங்க… போன வாரமே டாக்டர் ஆபரேசன் பண்ணோணும்னு சொன்னாரு…” என்று சபை நடுவில் சொல்லிவிட்டு அங்கேயே சாய்ந்தார். அவரைத் தாங்கிப் பிடிக்கக் குனிந்தவர்கள் எல்லோருக்கும் அதே கதி என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

பெண்ணின் அப்பா கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த வேட்டிகளை எடுத்து நீட்டினார். கூட்டத்தில் யாரோ, “நிச்சயத்துக்கே சீரு வேட்டிய எறக்க வெச்சுட்டாங்களே, வெவரமான சம்பந்திங்கதான்” என்றார். வீடே சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. புது வேட்டியைக் கட்டியபடி, அத்தனை பேர் முன்னால் என்னைக் கேட்டார்.

“எந்தப் பட்டறைங்க மாப்பிள்ளை?”

“அருள்புரம் பாய்ங்க மாமா.”

“அலசித்தானே குடுத்தான்?”

தையல் நல்லாருக்குது என்று அவர் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“நல்லா அலசியாச்சுன்னுதானுங்க மாமா சொன்னாரு” என்றேன்.

அவ்வளவுதான். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் பனியன் தொழில்காரர்கள். மறுநாள் திருப்பூர் டீக்கடைகளில், பாய் சாயம் போடுகிறாரா குங்குமம் வைக்கிறாரா என்று கேட்டுச் சிரித்தார்கள். மாமனார் சாய வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்தார். பாயிடம் ஏற்கெனவே துணி போட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

பாய் என்னைத் தேடித் துணிப் பிரிவுக்கு வந்தார். ரோல்களுக்கு நடுவே நின்றபடி கேட்டார்.

“அலசிட்டேன்னு நான் சொன்னனா?”

“அங்க எல்லாரும் இருந்தாங்க பாய். டக்குனு வாயில வந்துருச்சு.”

“அப்பச் சரி. எல்லாரும் இருக்கறப்பவே மாத்திச் சொல்லிரு.”

தலையாட்டினேன். ஆனால் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டதில் தீபாவளி நெருங்கிவிட்டது. பாய் இரண்டாவது விஞ்சை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் சொல்லியே தீருவது என்று முடிவு செய்தேன். முதல் விஞ்சும் சும்மாதான் நிற்கிறதாம்.

தீபாவளிக்கு மாமனார் வீட்டில் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தபோது எழுந்து நின்று சொன்னேன். பாய் வேண்டாம் என்றுதான் சொன்னார், அலசாமல் வாங்கி வந்தவன் நான், பொய் சொன்னவனும் நான் என்றேன். மாமனார் என்னை நிதானமாகப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

“பாத்தீங்களா? சினேகிதனுக்கோசரம் பழியத் தன்ற தலைமேல போட்டுக்கறாரு. எம்.காம். படிச்சவரு, நம்ம துணிய பாக்கறவரு, அலசாத துணியவா தெச்சு மாட்டுவாரு? மனசு தங்கமுங்க.”

எல்லோரும் ஆமாம் என்றார்கள். அந்த வருஷம் எனக்கு இரண்டு பட்டு வேட்டி கிடைத்தது. பாயின் பெயர் இன்னும் கொஞ்சம் கெட்டது. இப்போது அவர் தன் பழியை நண்பன்மேல் தள்ளிவிட்டவரும் ஆகிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: “எங்கப்பா வாயில சொன்னா நம்ப மாட்டாருங்க. கண்ணுல காட்டோணும்.”

மறுநாள் அருள்புரம் போய், அதே சிவப்பில் கொஞ்சம் துணி கேட்டேன். “எதுக்கு? இன்னொரு நிச்சயமா?” என்றார் பாய். ஒட்டாத சாயம் நிற்கிற துணி ஒன்றை எடுத்துப் போட்டு, “நீயே அலசு” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார். சுடுதண்ணீரில் அலச அலசத் தொட்டி ரத்தமாக ஓடியது. “இன்னும்” என்றார். தண்ணீர் தெளிந்த பிறகும், “இன்னும்” என்றார். என் கை வெந்துவிட்டது.

துணி நன்றாகவே சுருங்கிப்போனது. டிரைவர் சீட்டுக்கு மட்டும் காணும் அளவில் தைத்து மாட்டினேன். வெள்ளை வேட்டி கட்டி, சீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் உட்கார்ந்து உச்சி வெயிலில் தாராபுரம் போய்த் திரும்பினேன். நேராகக் கம்பெனிக்குள் போனேன். மாமனார் தம் மேஜையில் இருந்தார், நாலைந்து பேர் கூட நின்றிருந்தார்கள்.

“மாமா, பாய் போட்ட அதே செவப்பு, அலசித் தெச்சது. அதுமேல ஈரத்தோட உக்காந்து தாராபுரம் போயிட்டு வர்றேனுங்க. இதைக் கொஞ்சம் பாருங்க” என்று சொல்லித் திரும்பி நின்றேன்.

மாமனாருக்கு முதுகைக் காட்டுவதே மரியாதை இல்லை. நான் அதற்குக் கீழேயும் காட்டிக்கொண்டு நின்றேன். ஈர வேட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்து, வேட்டியின் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை.

“அப்ப அன்னைக்கு?”

“அன்னைக்கு அலசலீங்க மாமா. அலசினா துணி பத்தாதுன்னு அலசலீங்க.”

அவர் வேட்டியின் ஓரத்தைக் கையிலிருந்து விட்டார். “திரும்புங்க மாப்பிள்ளை, போதும்” என்றார். அவர் என் தையலைப் பற்றியோ மனசைப் பற்றியோ அப்புறம் நல்லதாக எதுவும் சொன்னதில்லை.

பாயை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பாய் வரவில்லை. கடைசியில் மாமனாரே அருள்புரத்துக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. சிறிய லாட் ஒன்றை, அதாவது ஒரு தடவைக்குச் சாயம் போடுகிற அளவு துணியை, கொடுப்பதாகச் சொன்னார். பாய் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

“போடறேனுங்க. ஆனா லாட்டு வெளிய போறதுக்கு முன்னாடி உங்க மாப்பிள்ளை வந்து உக்காந்து பாக்கோணும்.”

மாமனார் உடனே ஒத்துக்கொண்டார்.

வேலை மெல்ல மெல்லப் பெருகியது. விற்ற விஞ்சைப் பாயால் திரும்ப வாங்க முடியவில்லை. பழையது ஒன்று தேடிப் பிடித்தார். ஒவ்வொரு லாட்டுக்கும் நான் வெள்ளை வேட்டியில் போவேன். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கூடிவிடுவார்கள். ஈரத் துணியை மடித்துப் போட்டு, “உக்காருங்க சார்” என்பார் பாய். அவர் பீடியை அணைக்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். “எந்திரிங்க சார். திரும்புங்க.” திரும்புவேன். யாராவது கை தட்டுவார்கள்.

பிற்பாடு சாயத்தைச் சோதிக்க ஊரில் ஆய்வுக்கூடங்கள் வந்துவிட்டன, அங்கே அனுப்பலாமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். “அவங்க வேட்டி கட்ட மாட்டாங்களே சார்” என்றார்.

மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பட்டறையை மூடும் வரைக்கும் லாட் முடிந்தால் ஆள் அனுப்பினார். நானும் வேட்டி மாற்றிக்கொண்டு போனேன்.