கடல் தின்ற பாதி வீடு

திருவனந்தபுரம் கடற்கரையில் ஒரு வீட்டின் முன்னறையைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சச் சுவரில், 'ஆபத்து, குடியிருக்கக் கூடாது' என்று மலையாளத்தில் சிவப்பு எழுத்து. சொந்தக்கார மீனவக் குடும்பம் நிவாரண முகாமில் கிடக்கிறது. உள்ளே இருப்பவர்கள், மழை பொய்த்து விளாத்திகுளத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். தனக்குச் சொந்தமில்லாத இந்தப் பாதி வீட்டுக்குக் கான்ட்ராக்டர் இவர்கள் கூலியில் வாடகை பிடிக்கிறார்.

துணி காயப்போடும் பெண்ணிடம் அந்த எழுத்தைப் படித்துச் சொல்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"தெரியும்க்கா," என்கிறாள். "கான்ட்ராக்டரே வாசிச்சுச் சொன்னாரு. இப்படி எழுதிட்டா ஒரு ஆபீசரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கமாட்டாரு, நிம்மதியா இருங்கன்னாரு."

அலை தெறித்து, காயப்போட்ட துணி மறுபடி நனைகிறது. எழுதிவிட்டுப் போன ஆபீசரும் எங்கோ நிம்மதியாகத்தான் இருப்பார்.